நாலு செங்கல் மேல் ஓர் இறக்கை

பிப்ரவரி 23, ஞாயிறு

வெயில் ஏறுவதற்குள் நுரைப்பலகையை அறுத்து முடித்துவிட வேண்டும் என்று நேற்றே பேச்சு. முடிந்தபோது மதியம். தகரக் கூரை, மாசி வெயில், கேட்க வேண்டாம்.

இன்று அறுத்தது இடது இறக்கைக்கு (இனி இ.இ.). வலது இறக்கை (வ.இ.) எப்போதோ முடிந்து, என் பழைய நூல் சேலை சுற்றி, சுவரோரம் நிற்கிறது. அது இவர் செய்தது. இது நான் செய்வது. கணக்கு டீச்சர் விமானத்துக்கு இறக்கை செய்கிறாள் என்று ஸ்டாஃப் ரூமில் மூச்சு விடவில்லை. விட்டால் நல்ல டாக்டராகப் பார்த்து அனுப்புவார்கள்.

இவர் விமானப்படையில் இருந்தவர். ஓட்டியவர் இல்லை, ரிப்பேர் பார்த்தவர். ஆயுசெல்லாம் அடுத்தவன் விமானத்துக்கு ஒட்டுப் போட்டாயிற்று, சொந்தமாக ஒன்று வேண்டும் என்று, ரிட்டயர் ஆனதும் மாமனாரின் பழைய தீப்பெட்டி ஆபீஸ் ஷெட்டில் ஆரம்பித்தார். வ.இ. முடித்த கையோடு மார்கழியில் பக்கவாதம் வந்து விழுந்தார். பேச்சு முக்கால் வந்துவிட்டது. வலது கை கால்வாசி. ஷெட் ஒரு வருஷம் பூட்டிக் கிடந்தது. இந்தப் பொங்கலுக்கு அப்புறம் ஒருநாள் சாவியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன்.

அறுக்கிற முறை: பலகையின் இரண்டு முனையிலும் இறக்கை வடிவத்தில் ஒரு அச்சு. அச்சின் விளிம்பு நெடுக எண்கள். மின்சாரத்தில் காய்ந்த கம்பி. ஒரு முனை என் கையில், மறுமுனை பேச்சி கையில். இவர் நாற்காலியில் உட்கார்ந்து எண் சொல்வார். சொன்ன எண்ணில் இரண்டு பேரும் இருக்க வேண்டும். ஒருத்தி முந்தினால் இறக்கை கோணல். கம்பி நின்றால் நின்ற இடத்தில் நுரை உருகிக் குழி.

பேச்சி இதே ஆபீஸில் லேபிள் ஒட்டியவள். கூப்பிட்டால் வருவாள். அவளுக்கு நுரைப்பலகை தெர்மாகோல், எபாக்சி வெறும் பசை, நான் டீச்சர், இவர் அண்ணாச்சி. விமானத்தைப் பற்றி அவள் கருத்து எதுவும் சொன்னதில்லை. அதற்கே தனியாக நன்றி.

பதினாறு வரை நன்றாகப் போனது. பதினேழு இவருக்கு வாயில் வரவில்லை. தெரிகிறது, வரவில்லை. கம்பி நிற்கிறது, நுரை உருகுகிற நாற்றம். “கம்பிய நிறுத்தாத!” என்று கத்தினார். அது மட்டும் கணீரென்று வந்தது. மிச்ச எண்களை நானே சொல்லி முடித்தேன். திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

குழியை அடைத்துக்கொள்ளலாம். அவர் போனதுதான் கஷ்டமாக இருந்தது.

மார்ச் 1, சனி

காற்று இல்லை. நல்லது. கரிசல் தூசி பறக்கவில்லை.

இன்று கீழ்ப்பக்கத்துக்குக் கண்ணாடித் துணி (ஃபைபர் கிளாஸ்). வேண்டியது:
துணி, சாய்வாக வெட்டியது, இரண்டு அடுக்கு
எபாக்சி, ஹார்டனர், எடைத்தட்டு
வெள்ளைப் பொடி (கலந்தால் மாவு, பலகையில் பூச தோசைமாவுப் பதம், குழி அடைக்க இட்லிமாவுப் பதம்)
ரப்பர் வழிப்பான்
கையுறை, இவருடைய பழைய முழுக்கைச் சட்டை எனக்கு
மோர், ஒரு சொம்பு

ஆரம்பிக்கும் முன் மேசை மட்டம். இறக்கை காய்கிற வரை மேசைமேல்தான் கிடக்க வேண்டும். மேசை எப்படியோ இறக்கை அப்படி. நீளமான மேசை. கிழக்குப் பாதி சிமெண்ட் தரையில் நிற்கிறது. மேற்குப் பாதி, மாமனார் பின்னால் நீட்டிய இடம், வெறும் கரிசல் தரை, செங்கல் வைத்து நிறுத்தியது. இவர் நல்லா இருந்தபோது ஒரு ஆவணியில் மட்டம் பிடித்தார். இன்று தண்ணீர் நிரப்பிய டியூபை இரண்டு முனையிலும் பிடித்து, தண்ணீர் சமமாக நிற்கிறதா என்று பார்த்தோம். ஒரு நூல்கூட மாறவில்லை. “பாத்தியா” என்றார். அந்த ஒரு சொல்லில் எத்தனை குளிர்ச்சி.

துணியில் பசை ஊறும்போது வெள்ளை போய்க் கண்ணாடியாகிறது. அது பார்க்க நன்றாக இருக்கிறது. அது ஒன்றுதான் இந்த வேலையில் நன்றாக இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

கழுத்து, முழங்கை மடிப்பு, கண்ணிமை, எல்லாம் அரிப்பு. கண்ணாடித் தூள். தேங்காய் எண்ணெய் தடவக் கூடாதாம், எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் பசை பிடிக்காதாம். சொறிந்துகொண்டே நாளைய ஹால் டூட்டிக்குச் சேலை மடித்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை ஆரம்பம்.

சுதா போன். மகளுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனம். அப்பா ஓட்டப் போவதில்லை, பின்னே யாருக்காக என்கிறாள். கோயம்புத்தூர்க்காரர் ஓட்டுவார் என்றேன். இவருடைய பழைய சிநேகிதர், விமானப்படையில் நிஜமாகவே பைலட்டாக இருந்தவர். இரண்டு இறக்கையும் முடிந்ததும் ஏறிப் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். நான் கீழ நின்னு பாத்தாப் போதும் என்று இவர் சொன்னதை சுதாவிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு அழுகை வந்துவிடும்.

மார்ச் 8, சனி

இ.இ. திருப்பிப் போட்டு மேல்பக்கம். பாதி வேலையில் காற்று. ஜன்னலில் பாலிதீன் கட்டியும் எங்கேயோ புகுந்து ஈரத் துணிமேல் கறுப்பாகப் படிகிறது. ஊசியை வைத்து ஒவ்வொரு மண்ணாக எடுத்தோம், பேன் பார்ப்பதுபோல். “டீச்சர், இம்புட்டு மண்ணுல கத்திரிக்கா போட்டுரலாம்” என்றாள் பேச்சி. சிரிக்கக்கூடத் தெம்பில்லை, ஆனாலும் சிரித்தேன்.

சாயங்காலம் முடிந்தது. ஒரு கொப்புளம் இல்லை. நுனியிலிருந்து பார்த்தால் நெடுக வழுவழுவென்று வெளிச்சம் ஓடுகிறது. வெளியே சொல்லக் கூடாது, எனக்குப் பெருமையாக இருந்தது. என் கையா இது என்று இரண்டு தடவை தடவிப் பார்த்தேன்.

இவர் பார்த்துவிட்டு, காயட்டும் என்றார்.

மார்ச் 15, சனி

இன்று எழுதவே பிடிக்கவில்லை.

இ.இ. மேசையிலிருந்து இறங்கியது. வ.இ.க்குச் சேலையை அவிழ்த்தோம். இரண்டையும் முன்விளிம்பு கீழே இருக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு கண்ணை மூடி அடியிலிருந்து நுனி வரை பார்த்தார். வெகுநேரம். அப்புறம் என்னைப் பார்க்கச் சொன்னார்.

இரண்டும் ஒத்துப் போகவில்லை. அடியில் சரியாக இருக்கிறது. நுனிக்குப் போகப் போகப் பின்விளிம்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. ஒரு இறக்கை முறுக்கிக்கொண்டது. இப்படிப் பூட்டினால் எழும்பினதும் ஒரு பக்கமாகச் சாயும். கோயம்புத்தூர்க்காரர் உள்ளே இருப்பார்.

எது முறுக்கியது என்று இவர் கேட்கவே இல்லை. “உன்னது கோணிட்டு” என்றார். வ.இ.யையும் அளந்து பார்ப்போமா என்றதற்கு, அது முடிஞ்சது, அதுல அளக்க என்ன இருக்கு என்றார். நாளை விட்டு அடுத்த ஞாயிறு இ.இ.யை அறுத்துப் போட்டுவிட்டுப் புதுசாக ஆரம்பிக்க வேண்டுமாம்.

நானும் மறுத்துப் பேசவில்லை. அவர் ஆயுசெல்லாம் இதில் கிடந்தவர். நான் பசை பூச ஆரம்பித்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. என்னதாகத்தானே இருக்கும்.

மார்ச் 16, ஞாயிறு

ஷெட் பக்கம் போகவில்லை. துணி துவைத்தேன். உளுந்து காயவைத்தேன். விமானம் வேண்டும் என்று நான் கேட்டேனா? ஒரு வாஷிங் மெஷின் கேட்டேன்.

மார்ச் 19, புதன்

மழை! நேற்றுச் சாயங்காலம் பிடித்தது, இன்றும் விட்டு விட்டுக் கொட்டுகிறது. பங்குனியில் இப்படிப் பெய்து பார்த்து நாளாகிறது. பஸ் ஸ்டாண்டில் எல்லாருக்கும் முகத்தில் சிரிப்பு. கழுகுமலை பஸ்ஸில் ஒரு ஆள் யாரிடமோ போனில்: “நிலத்துல வெடிப்பெல்லாம் மூடிட்டுல்லா! மூடிட்டுங்கேன்!”

ஹால் டூட்டி. கால் வலி. இவருக்குக் கைப்பயிற்சி செய்துவிட்டேன். பந்தைப் பிடித்தார், இரண்டு தடவை.

மார்ச் 21, வெள்ளி

ஷெட்டின் பின்கதவு சாத்த வரவில்லை. மேற்குச் சுவர்ப் பக்கம். நிலையில் இடிக்கிறது. தோளைக் கொடுத்துத் தள்ளியும் முடியவில்லை. மழைக்கு மரம் ஊதிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் ஞாபகம், அது தகரக் கதவு. தகரம் எங்கே ஊதும். தரைதான் ஊதியிருக்கிறது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கரிசல் மழைக்கு எழும்பும், வெயிலுக்கு இறங்கும். இந்த ஊரில் கதவு கார்த்திகையில் சாத்தாது, சித்திரையில் சாத்தும். எல்லார் வீட்டிலும் இதுதான் கதை.

கதவை விட்டுவிட்டுத் திரும்பினேன். எதிரே மேசை.

பேச்சியைக் கூப்பிட்டு டியூபைப் பிடிக்கச் சொன்னேன். மாசியில் ஒரு நூல் மாறாத மேசை. இன்றைக்கு மேற்கே, கூரைத் தண்ணீர் விழுகிற சுவரோர மூலை மட்டும் அரை விரற்கடை தூக்கி நிற்கிறது. இரண்டு நாள் மழைக்கே இது.

இ.இ. காய்ந்தது மழைக்கு முன்னால். வ.இ. காய்ந்தது எப்போது? கார்த்திகையில். அந்த வருஷ அடைமழையில். ஆவணியில் பிடித்த மட்டத்தை நம்பி, ஸ்கேலை மேசைமேல் நிறுத்தித்தான் இவர் அளந்தார். மேசை கோணினால் ஸ்கேலும் சேர்ந்துதானே கோணும். எல்லா அளவும் சரியாக வந்திருக்கும்.

 வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது, கரிசலுக்குக் கீழே சுக்கான் கல் தட்டுகிற வரை தோண்டு என்று கொத்தனாரோடு மல்லுக்கு நின்ற மனுஷர். இறக்கைக்கு நாலு செங்கல் வைத்தார். மேசைதானே என்று. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கும் தோன்றவில்லை.

மார்ச் 22, சனி

இவர் மதியம் தூங்கினபோது அளந்தேன். சிமெண்ட் தரையில் இரண்டு ஸ்டாண்டு. அடியை மட்டமாக வைத்து நுனியைப் பார்த்தது.

இ.இ.: நுனியில் தண்ணீர் இரண்டு பக்கமும் சமம்.
வ.இ.: பின்விளிம்பு ஒரு விரற்கடை தூக்கம்.

மூன்று தடவை பார்த்தேன். பேச்சி டியூபைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. “அண்ணாச்சிட்ட சொல்லாதீங்க டீச்சர்” என்றாள். “அவியளுக்கு அது ஒண்ணுதான இருக்கு.”

அதுதான் எனக்கும் கஷ்டம். நல்ல கையால் அவர் கடைசியாகச் செய்தது அது. அதற்குச் சேலை சுற்றச் சொன்னபோதுகூட, முடிச்சு நான் போடுதேன் என்று ஒற்றைக் கையால் போட்டார்.

சொல்லாமல் விட்டால் என்ன? நாளைக்கு என்னுடையதை அறுப்போம். புதுசு செய்வேன். அது இதோடு ஒத்து வராது. மறுபடி அறுப்போம். ஆயுசெல்லாம் நல்ல இறக்கையாகச் செய்து செய்து அறுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இல்லை, மட்டத்தைப் பார்க்காமல் வ.இ.க்குத் தகுந்த கோணலாகவே ஒன்று செய்து கொடுத்துவிட்டால்? இவர் சந்தோஷப்படுவார். கோயம்புத்தூர்க்காரருக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது.

சொல்லித்தான் ஆக வேண்டும். எரிச்சலாக வருகிறது. பரீட்சை பேப்பரில் தப்பைச் சிவப்பு மையால் சுழிப்பது எத்தனை சுலபம்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் ரம்பத்தை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தார், இ.இ.க்கு.

 டியூபின் ஒரு முனையை அவர் இடது கையில் கொடுத்தேன். முதலில் மேசை மூலையில் வைக்கச் சொன்னேன். அப்புறம் வ.இ. நுனியில். தண்ணீர் ஆடி ஆடி நின்றது. இவர் அதையே பார்த்தார். பிறகு பின்கதவைப் பார்த்தார், சாத்தாமல் நின்றதை. அவருக்கு அவ்வளவு போதும். என்னைவிடச் சீக்கிரமாகப் புரிந்துகொண்டார்.

“அப்ப நல்லா இருந்த கைதான் கோணலாச் செஞ்சிருக்கு.”

ஒரு எழுத்துக்கூடத் தடுக்காமல் வந்தது.

“கை கோணல் இல்லைங்க. தரைதான் கோணல்” என்றேன். கேட்டாரோ என்னவோ. டியூபைச் சுருட்டப் பார்த்தார். ஒற்றைக் கையில் சுருளவில்லை. தண்ணீரெல்லாம் வேட்டியில் கொட்டியது. அப்படியே ஈரத்தோடு வீட்டுக்குப் போனார்.

மார்ச் 25, செவ்வாய்

பேசவில்லை. சாப்பிட்டார். கைப்பயிற்சிக்குக் கையைக் கொடுத்தார், பந்தைப் பிடிக்கவில்லை. தவறி விழுந்த பந்தை நான் எடுத்துக் கொடுத்தேன், மறுபடி விழுந்தது. வேண்டுமென்றே விடுகிறார். மூன்றாவது தடவை நானும் எடுக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

சுதா போன். அப்பாவிடம் கொடு என்றாள். கொடுத்தேன். உம், உம் என்று இரண்டு. அம்மா, அப்பாவுக்கு மறுபடி பேச்சு போயிருச்சா என்று பயந்துவிட்டாள். பேச்சு இருக்கிறது, பேசத்தான் இல்லை என்றேன்.

எனக்கு யார் மேலும் கோபம் இல்லை. அசதி. படுத்தால் போதும் என்று இருக்கிறது. படுத்தால் தூக்கம் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

அனல். மழை பெய்த சுவடே இல்லை. பின்கதவு தானாகச் சாத்துகிறது, சனியன்.

காபி குடித்துவிட்டு இவர் எழுந்து, “ரம்பத்த எடு. பேச்சியக் கூப்பிடு” என்றார்.

எதை என்று நான் கேட்கவில்லை. வ.இ.க்கு மறுபடி சுற்றியிருந்த சேலையை அவரே அவிழ்த்தார். “அத நான் அறுக்கேன். நீ தொடாத.” இடது கை. ரம்பம் கண்ணாடித் துணியில் வழுக்கி வழுக்கிப் போனது. ஒரு சாண் போவதற்குள் மூச்சு வாங்கியது. அப்புறம் ரம்பத்தை நீட்டினார். நானும் பேச்சியும் மாற்றி மாற்றி அறுத்தோம். பேச்சி அழுதுகொண்டே அறுத்தாள். மூக்கைத் துடைக்காதே, கண்ணாடித் தூள் என்று அதட்டினேன். நானும் அழுதேன்தான்.

எல்லாம் துண்டானதும் இவர் ஒரு துண்டைத் தூக்கி, வெட்டு வாயைப் பார்த்தார். பசை நன்றாக ஊறியிருந்தது, ஒரு கொப்புளம் இல்லை. “வேல நல்ல வேலதான்” என்றார். ஆமாம் என்றேன். நல்ல வேலைதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கொத்தனார் வந்தார். மேசைக்கு மேற்கே இரண்டு குழி. கறுப்பு, கறுப்பு, இன்னும் கறுப்பு. இடுப்புக்கு மேல் இறங்கித்தான் கடப்பாரை ணங்கென்றது. சுக்கான். இவர் குழியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்னும் ஒரு சாண் என்று ஆளை வாட்டி எடுத்தார். என்ன அண்ணாச்சி, மச்சு வீடு கட்டப் போறீயளா என்றார் கொத்தனார். மேச வைக்கப் போறேன் என்றார் இவர். சிரித்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் கைப்பயிற்சி. பந்தைப் பிடித்தார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சிமெண்ட் காய்கிறது. எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. பகலெல்லாம் தூங்கினேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காலையில் வெயிலுக்கு முன்னால் ஆரம்பித்தோம். புது வ.இ., முதல் பலகை. மேசை மட்டம், ஒரு நூல் பிசகவில்லை.

பேச்சி வரவில்லை. எப்போதும்வென்றான் ஊரில் அண்ணன் மகளுக்குச் சடங்கு. அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்றேன். இவர் எழுந்து போய்க் கம்பியின் மறுமுனையை இடது கையில் எடுத்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது.

“நீ எண்ணச் சொல்லு” என்றார். “நான் கேட்டு வாரேன்.”

ஒன்று. இரண்டு. அவர் கை நடுங்குவது கம்பி வழியாக என் கைக்கு வந்தது. பத்துக்கு மேல் நடுக்கம் குறைந்தது. பதினேழை மெதுவாகச் சொன்னேன். அவரும் உதட்டுக்குள் சொன்னார், பார்த்தேன். அந்த எண் தாண்டினதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இருபத்தி மூன்றில் முந்திவிட்டேன்.

“நில்லுட்டி. நான் இன்னும் வரல.”

கம்பியை நிறுத்தாதே, நிறுத்தாதே என்று இத்தனை நாள் கத்தியவர்.

நின்றேன். நுரை உருகுகிற நாற்றம். அவர் இருபத்தி ரெண்டைத் தாண்டி, கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தார். “ம், சொல்லு” என்றார். சொன்னேன்.

என் பக்கம் ஒரு குழி விழுந்திருக்கிறது. இட்லிமாவுப் பதத்தில் கலந்து அடைத்துக்கொள்ளலாம்.